'குடியிருக்கத் தகுந்தது' என்று நான் எழுதிய வீடு

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த சுகாதார ஆய்வாளர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். குடிநீர், கொசுப்புழு, கழிவுநீர்த் தொட்டி என்று தெரிந்ததையெல்லாம் பேசி முடித்தேன். கேள்வி கேட்கலாம் என்றதும் ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தார்.

"சார், இப்பல்லாம் வீட்டு ரிப்போர்ட்ட ஆப்லதான் ஏத்துறோம். போன வாரம் ஒரு அம்மா வந்து, 'எங்க வீடு சரியில்ல, வந்து பாருங்க'ன்னாங்க. இன்னா சரியில்லன்னு கேட்டா, 'தெரியல, உள்ள போனாலே ஒரு மாதிரி இருக்குது'ன்றாங்க. அத எந்தக் கட்டத்துல போடுறது?"

வகுப்பே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "பேய்னு தனியா ஒரு கட்டம் கேக்கணும்" என்றார். நான், "போய்ப் பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது பதிலே இல்லை. போய்ப் பார்த்தவன்தான் நானும்.

முப்பத்தொரு வருட வேலையில் பெரும்பகுதி பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் ஊர்களில் கழிந்தது. ஒரு வருடப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை இப்போது நினைத்தால் சுருக்கமாகத்தான் ஞாபகம் வருகிறது. ஒரு வீட்டுக்குப் போனால் சுற்றுப்புறம், சாக்கடை, குடிநீர், காற்றோட்டம், வெளிச்சம், கழிப்பறை, இந்த வரிசையில் பார். அளவு நாடாவால் அளந்து எழுது. கண்ணால் கண்டதை மட்டும் எழுது. தாளின் பின்பக்கம் வீட்டின் வரைபடம் போடு. அந்தப் படிவத்தை நான் வேதம் மாதிரி வைத்திருந்தேன். அது என்னை ஒருமுறை பெரிய ஆளாக்கியது.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம். மூடிக் கிடந்த ஒரு பழைய தோல் தொழிற்சாலையின் மதிலை ஒட்டி வரிசையாகச் சில வீடுகள். அதில் கடைசி வீட்டில் யாரும் நிலைப்பதில்லை என்று பேச்சு. முனுசாமி என்ற தொழிலாளி மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அங்கே குடி வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நாலு பேருக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமில்லை. வாசலில் எலுமிச்சம்பழம் தொங்கியது. தர்காவில் ஓதிக் கொடுத்த தண்ணீர் ஒரு பாட்டிலில் இருந்தது. மாதா கோவில் மெழுகுவத்தியும் இருந்தது. அந்தக் குடும்பம் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை.

முனுசாமியின் மனைவி தன் கால் கொலுசைக் காட்டினார். "பாருங்க சார், புளி போட்டுத் தேய்ச்சா ரெண்டே நாள்ல இப்படி ஆய்டுது. அம்மா வீட்டுக்குப் போனா ஆவறதில்ல. உடம்புல எதோ ஏறியிருக்குதுன்றாங்க."

கொலுசு கரி பூசியதுபோல் இருந்தது. பின்னறைப் பித்தளைத் தாழ்ப்பாளும் கறுத்திருந்தது, முன்னறையில் இருந்தது கறுக்கவில்லை. அந்த ஊரில் எல்லோருடைய மூக்கும் தோல் நாற்றத்துக்குப் பழகிப்போனது. அதனால் அழுகிய முட்டை மாதிரியான வாடையை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. மழை பெய்த மறுநாள்தான் எல்லோருக்கும் ஜாஸ்தியாகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பின்னறைத் தரையைத் தோண்டச் சொன்னேன். இரண்டடிக்குக் கீழே, தோலிலிருந்து முடியை எடுக்க ஊறவைக்கும் பழைய சுண்ணாம்புத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் பாதிவரை மண்ணைக் கொட்டி, அதன்மேல் வீட்டைக் கட்டிவிட்டார்கள். மழைத் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் அடியிலிருந்து விஷவாயு மேலே வந்திருக்கிறது.

தொட்டியைச் சுத்தம் செய்து மூடினார்கள். குடும்பம் பிழைத்தது. எனக்கு 'பேய் ஓட்டுற இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வந்தது. அதற்குப் பிறகு யார் 'வீடு சரியில்லை' என்று சொன்னாலும் எனக்கு உற்சாகம் பிறக்கும். எத்தனையோ வீடுகளில் எதையாவது கண்டுபிடித்தேன். ஒரு வீட்டில் சமையல் புகை வெளியேற வழியில்லை. இன்னொன்றில் கழிவுநீர்க் குழாய் கசிந்து சுவருக்குள் இறங்கியிருந்தது. கெட்ட வீடு என்று ஒன்றும் கிடையாது, சரியாக அளக்காத வீடுதான் உண்டு என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன்.

பல வருடம் கழித்து எங்கள் நகராட்சிக்கு டாக்டர் எஸ்தர் நகர்நல அலுவலராக வந்தார். காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வருவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதிக்கொடுக்கும் அறிக்கைகளை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு மர ஸ்கேலை நகர்த்தி நகர்த்திப் படிப்பார். சந்தேகம் வந்தால் ஸ்கேல் நின்றுவிடும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், ஸ்கேல் எந்த வரியில் நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. "வீட்ல இருக்கறவங்கள ஒருத்தர் ஒருத்தரா, தனித்தனியா கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம்" என்போம். பாதி நேரம் கேட்டிருக்க மாட்டோம்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு வருடம் முன்னால், சேகர் என்று ஒருவர் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு.

"சார், நம்ம வீட்ல எதோ இருக்குதுன்னு என் வீட்டுக்காரி சொல்லிக்கினே இருக்கா. ரெண்டு தடவ அப்பா வீட்டுக்கு ஓடிட்டா. ஒரே பேஜாரா இருக்குது. நீங்க இந்த மாதிரி நிறைய வீடு பாத்தவர்னு சொன்னாங்க. வந்து பாத்துட்டு, உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

மறுநாளே போனேன். புது நகர் ஒன்றின் கோடியில் இருந்த வீடு. முன்னறை, சமையலறை, பின்னறை. சேகர் என் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அளவு நாடாவின் மறுமுனையைக்கூட அவரேதான் பிடித்தார். பின்னறை ஜன்னல் இரண்டையும் மூடி ஆணி அடித்திருந்தது.

"பின்னாடி முள்ளுக்காடு சார். பாம்பு வருது."

அது நியாயமாகத்தான் பட்டது. படிவத்தில் எழுதிக்கொண்டேன். பின்னறையில் சுருட்டிய பாய் ஒன்றும், மூடியில்லாத தண்ணீர்க் குடம் ஒன்றும் இருந்தன. குடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன், புழு இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன். வரைபடம் போடும்போது கதவுகளையும் தாழ்ப்பாள்களையும் குறித்தேன்.

சேகரின் மனைவி கலைவாணி டீ கொண்டுவந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். கல்யாணத்துக்கு முன் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்த்தவர் என்று சேகர்தான் சொன்னார்.

"உனக்கு இன்னாம்மா பண்ணுது?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தபடி, "இந்த வீடு சரியில்ல சார்" என்றார்.

"எப்படி சரியில்ல?"

"காத்து வரல. மூச்சு முட்டுது."

"பாத்தீங்களா சார்" என்றார் சேகர், சிரித்துக்கொண்டே. "இதேதான் சொல்லுவா."

தலைவலி இருக்கிறதா, குமட்டல் உண்டா, எந்த நேரத்தில் அதிகம் என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவர் முதலில் சேகர் நின்றிருந்த பக்கம் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். தொட்டியோ கசிவோ எதுவும் அகப்படாததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. அறிக்கையில், "ஜன்னல் ஆணிகளை அகற்றிக் காற்றோட்டம் ஏற்படுத்தவும். தண்ணீர்க் குடத்தை மூடி வைக்கவும். மற்றபடி குறைபாடு இல்லை. குடியிருக்கத் தகுந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சேகர் ஒரு நகல் கேட்டார். முத்திரை குத்திக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் எஸ்தர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் அந்த அறிக்கை இருந்தது. ஸ்கேல் நின்றிருந்தது.

"பின்னறை ஜன்னல் ரெண்டும் ஆணி அடிச்சிருக்குது. நீங்க எழுதினதுதானே?"

"ஆமா மேடம். காற்றோட்டம் இல்லைன்னு குறிச்சிருக்கேன்."

ஸ்கேல் கீழே இறங்கியது. "பாய் ஒண்ணு, தண்ணிக் குடம் ஒண்ணு."

"ஆமா மேடம். கொசு உற்பத்தி ஆவும்னு..."

அவர் தாளைத் திருப்பினார். என் வரைபடம். பின்னறைக் கதவின் மேல் பென்சில் முனையை வைத்தார். "இந்தத் தாழ்ப்பாள வெளிப்பக்கம் போட்டிருக்கீங்க. உள்பக்கம் போடல. தப்பா வரைஞ்சிட்டீங்களா?"

நான் யோசித்தேன். "இல்ல மேடம். வெளிப்பக்கம்தான் இருந்துது. ஸ்டோர் ரூம்னு நெனச்சேன்."

"ஸ்டோர் ரூம்ல குடிக்கற தண்ணி எதுக்கு?"

குனிந்து தாளைப் பார்த்தேன். எல்லாமே என் கையெழுத்தில் இருந்தது. ஒன்றைக்கூட நான் விடவில்லை.

"அந்தப் பொண்ண தனியா கேட்டீங்களா?" என்றார்.

"இல்ல மேடம்."

அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். காலை பதினொரு மணி. கொசு ஒழிப்புப் பெண் பணியாளர் இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வீட்டுத் தெரு வந்ததும் ஜீப்பைத் தள்ளி நிறுத்தச் சொன்னார். முன்கதவு வெளியே பூட்டியிருந்தது. டாக்டர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். முள் புடவையில் மாட்டியதை எடுத்துவிடக்கூட நிற்கவில்லை. ஆணி அடித்த ஜன்னல் பலகையில் விரலால் மெதுவாகத் தட்டினார்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களாம்மா?"

பிறகு, "இருக்கேன்" என்று கேட்டது. பலகைக்கு மிகப் பக்கத்திலிருந்து, சாதாரணமாகக் கடைக்காரரிடம் பேசுகிற குரலில். "அவர் வந்தாதாங்க தொறக்கும். ஆறு மணி ஆவும்."

"நான் டாக்டர். வெளிய வர்றீங்களா?"

உள்ளே சத்தம் இல்லை. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. ஜன்னலோரமாக நின்றபடி காத்திருந்தார். ஒரு பணியாளர் மகளிர் போலீசுக்கு போன் செய்தார். நான் அடுத்த தெருவுக்கு ஓடி, வீட்டின் சொந்தக்காரரான நசீர் பாயைக் கூட்டி வந்தேன். அவரிடம் இரண்டாவது சாவி இருந்தது. பூட்டைத் திறக்கும்போது உள்ளேயிருந்து, "வர்றேங்க" என்று அந்தக் குரல் கேட்டது.

பின்னறைத் தாழ்ப்பாளை நான்தான் இழுத்தேன்.

கலைவாணி வெளியே வந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இடது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார், மணிக்கட்டு வீங்கியிருந்தது. என்னிடம் வந்ததும் பார்வை நின்றது.

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க" என்றார். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆளை அடையாளம் கண்டுகொண்டதைச் சொன்ன மாதிரி இருந்தது.

மீதியை அவர் தகப்பனார் கோவிந்தன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை பயிரிடுகிறவர். தகவல் தெரிந்து, சாயங்காலத்துக்குள் பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்தார். கலைவாணியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். என் அறிக்கையின் நகல்.

"ரெண்டு தடவ ஓடியாந்துட்டா சார். 'அந்த வீடு வேணாம்பா, அங்க இருக்க முடியல'ன்னே சொன்னா. மாப்பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. மூணாந்தடவ வந்தப்ப, மாப்பிள்ள இத எடுத்துட்டு வந்தாரு. 'கவர்மென்ட்ல வந்து பாத்து எழுதிக் குடுத்துட்டாங்க மாமா, வீட்ல ஒண்ணும் இல்ல, உங்க பொண்ணு மனசுலதான் இருக்குது'ன்னாரு. முத்திரை இருந்துது. நான்தான் சார் பஸ் ஏத்தி அனுப்பிச்சேன். வர மாட்டேன்னு ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினே போனா."

அவர் அழவில்லை. காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, இனி அதை வைத்து என்ன செய்வது என்பதுபோல் கையைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் எஸ்தர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். மறுநாள் காலையில் வெள்ளைத்தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார். "முதல் அறிக்கை தவறுன்னு உங்க கையாலயே எழுதுங்க. ஏன் தவறுன்னும் எழுதுங்க. போலீசுக்குத் தேவைப்படும்." இரண்டு வரியில் முடிப்பேன் என்று நினைத்தேன். நாலு பக்கம் வந்தது. அவர் ஸ்கேல் வைக்காமல் படித்தார். அது வழக்கில் பயன்பட்டது. சேகருக்குத் தண்டனை கிடைத்தது. கலைவாணி அவரிடமிருந்து விலகி, மறுபடி ஷூ கம்பெனிக்கே தையல் வேலைக்குப் போனார், கூட வேலை செய்யும் ஒரு பெண்ணோடு அறை எடுத்துத் தங்கினார்.

டாக்டருக்கு மாற்றல் வந்தபோது ரயிலடி வரை போனேன். நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "மேடம், வீடுன்னா அதுல கெட்டது எதாச்சும் தங்குமா?"

அவர் யோசித்தார். "எனக்குத் தெரியாது. யாராச்சும் வீடு சரியில்லன்னா, சொல்றவங்களுக்கு எதோ சரியில்ல. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

அந்த வீட்டில் பிறகு யாரும் நிலைக்கவில்லை. விஷயம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றும் தெரியாமல் ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் மூன்றே மாதத்தில் காலி செய்தது. பின்னறைக்குள் தூக்கிப் போனாலே குழந்தை அழுகிறது என்றார்களாம். நசீர் பாய் அறிக்கை கேட்டு என்னிடம் வந்தார். எழுத மாட்டேன் என்றேன். "எழுத வேணாம், வந்து பாருங்க" என்று கெஞ்சினார். போனேன். ஆணிகளைப் பிடுங்கி, ஜன்னலைப் பெரிதாக்கி, முள்ளை வெட்டி, சுண்ணாம்பு அடித்திருந்தார். வெளித்தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மரத்தூளை அப்பித் தேய்த்திருந்தார். நல்ல காற்று வந்தது. என்னிடமிருந்த கருவியையெல்லாம் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அறையில் பத்து நிமிடம் நிற்க என்னால் முடியவில்லை. நெஞ்சு அடைத்தது. அது வீட்டில் இருந்ததா, நான் கொண்டுபோனதா என்று அன்றும் தெரியவில்லை.

போன வருடம் என் மகள் நித்யாவுக்கு எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே வேலை கிடைத்தது. மருமகனும் அவளும் வீடு தேடினார்கள். நசீர் பாய் என்னிடம் சொல்லாமலே அவர்களுக்கு அந்த வீட்டைக் காட்டிவிட்டார். இன்ஸ்பெக்டர் மகளே குடியிருந்தால் ஊர் வாய் அடங்கும் என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

"காத்து எப்படி வருது தெரியுமாப்பா, பின் ரூம்ல புஸ்தகமெல்லாம் வெச்சிக்கலாம்" என்றாள் நித்யா.

"வேணாம்மா."

"ஏன், சாக்கடை கீக்கடை எதாச்சும்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம் இன்னாப்பா?"

முப்பத்தொரு வருடம் ஊருக்கெல்லாம் நான் கேட்ட கேள்வியை அவள் என்னிடம் கேட்டாள். உட்கார வைத்து முழுவதும் சொன்னேன். அறிக்கையில் எழுதியதைச் சொன்னேன். பேருந்து ஜன்னல் கம்பியைச் சொன்னேன். பிறகு, "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

அவர்கள் அந்த வீட்டுக்குத்தான் போனார்கள். பின்னறையில் புத்தக அலமாரி வந்தது. நித்யாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறாள். ஆனால் நான் வாரத்துக்கு மூன்று முறை போகிறேன். கீரை கொடுக்க, பேப்பர் கொடுக்க, சும்மா. மருமகன் நல்ல பிள்ளை. அவன் பேசும்போது நான் என் மகளின் முகத்தையே பார்க்கிறேன். அது அவனுக்கும் தெரியும், அவன் ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டு மாதம் முன்பு நித்யா சொன்னாள். "அந்த அக்காவ ஒருநாள் கூட்டிட்டு வாங்கப்பா. இப்ப எப்படி இருக்குதுன்னு பாக்கட்டும்." சரியா தப்பா என்று தெரியாமலே கம்பெனி வாசலில் போய் நின்றேன். சாயங்கால ஷிப்ட் விட்டு, பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். கலைவாணி என்னைப் பார்த்ததும் நின்றார். தோழிகளைப் போகச் சொன்னார்.

விஷயத்தைச் சொன்னேன். என் மகள் அங்கே இருக்கிறாள், உன்னை வரச் சொல்கிறாள் என்றேன்.

அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "உங்க பொண்ணுக்கு அங்க தூக்கம் வருதா சார்?"

"நல்லா தூங்குறேன்னு சொல்றா."

"நீங்க கேட்டப்ப பக்கத்துல யாரு இருந்தாங்க?"

அன்று மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"தனியா கேளுங்க" என்றார் கலைவாணி. "நான் வரல சார்." கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. அவர் ஓடிப் போய் ஏறிக்கொண்டார்.